பழைய ஃபோக் ராக் பாட்டில் கேட்கும் பேஸ் கிட்டார் எது?

நீங்கள் கேட்டது மேலுக்கு ஒரு வரிக் கேள்விதான். 1960-களின் ஃபோக் ராக் (நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த இசை) பதிவுகளில், குறிப்பாக பேர்ட்ஸ் குழுவின் "மிஸ்டர் டாம்பரின் மேன்" பாட்டிலும் சைமன் - கார்ஃபங்கல் பாடல்களிலும், மரக்கட்டையைத் தட்டியது போல உருண்டையாக விழுந்து சட்டென்று அடங்கிவிடுகிறதே ஒரு பேஸ், அது எந்த மாடல்? அதை வாங்கினால் அந்த நாதம் வருமா? இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றின் தோளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. வாசித்தவர் யார், அன்றைக்கு அவர் கையில் இருந்தது எது, நம் காதில் விழுவது அந்தக் கருவியின் குரல்தானா. முதலாவதற்குப் பெரும்பாலும் உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு எப்போதாவது உண்டு. மூன்றாவதற்கான பதில் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும் என்பதால் அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

இருபத்தெட்டு வருடமாக பேஸ் வாசிக்கிறேன். கல்யாண மண்டப மெல்லிசை மேடைகளில் தொடங்கியவன். இப்போது வாசிப்பதைவிடப் பிறருடைய கிட்டார்களைத் திருத்திக் கொடுப்பதில்தான் பொழுது போகிறது. அந்த அமெரிக்க, இங்கிலாந்துப் பதிவுகள் நடந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆகையால் நான் சொல்வதில் ஒரு பாதி ஆவணங்களிலிருந்து வருவது, மறு பாதி கைப்பழக்கத்திலிருந்து வருவது. எது எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

பேர்ட்ஸ் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அடிக்கடி தப்பாகச் சொல்லப்படுவது அதுதான். குழுவின் பேஸ் கலைஞர் கிறிஸ் ஹில்மன். மேடைப் படத்தில் அவர் தோளில் தொங்கும் கிட்டாரைப் பார்த்துவிட்டு, பாட்டில் கேட்பதும் அதுதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் 1965 ஜனவரி 20 அன்று ஹாலிவுட்டில் உள்ள கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பாட்டு பதிவானபோது ஹில்மன் வாசிக்கவில்லை. மாண்டலின் வாசித்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் பேஸுக்கு மாறியிருந்தார். தயாரிப்பாளர் டெரி மெல்ச்சர் துணிந்து சோதனை செய்து பார்க்கும் மனநிலையில் இல்லை. கூலிக்கு வாசிக்கும் ஸ்டூடியோ கலைஞர்களை அழைத்துவிட்டார். டிரம்ஸ் ஹால் பிளெய்ன், எலக்ட்ரிக் பியானோ லியோன் ரசல், ரிதம் கிட்டார் ஜெரி கோல், பேஸ் லாரி நெக்டெல். குழுவிலிருந்து கருவி வாசித்த ஒரே ஆள், 12 கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டாருடன் வந்த ரோஜர் மெக்வின். தொடக்கத்தில் அவருடைய கிட்டார் மணியடிப்பது போல ஒலிக்க, பேஸ் ஒரு ஜாருவில் வழுக்கிக்கொண்டு உள்ளே வருகிறதே, உங்களை மயக்கியது அநேகமாக அந்த இடம்தான். அது நெக்டெலின் விரல்.

நெக்டெலோ அடிப்படையில் பியானோக்காரர். சைமன் - கார்ஃபங்கலின் "பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்" பாட்டில் கோயில் பிராகாரம் போல விரியும் பியானோ அவர் வாசித்தது. அந்தப் பாட்டில் பேஸ் வாசித்தவர் ஜோ ஆஸ்பர்ன். ஆனால் அதே இருவரின் "மிசஸ் ராபின்சன்" பாட்டுக்குப் போனால் பேஸ் மறுபடி நெக்டெல். ஆக, "சைமன் - கார்ஃபங்கல் பேஸ்" என்று ஒரு தனிக் குரலே கிடையாது. பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுகிறது. பாட்டின் பெயரைச் சொல்லாமல் குழுவின் பெயரை மட்டும் சொல்லி மாடல் கேட்டால், பதில் சொல்பவர் எவரானாலும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்.

இந்தப் பெயர்கள் எப்படித் தெரியும்? அமெரிக்க இசைக் கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவு அமர்வுக்கும் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு கூலி, இரண்டாவது கருவியும் வாசித்தாரா என்பதைக் குறித்து வைப்பார்கள். பணம் பட்டுவாடாவுக்காக எழுதப்பட்டது என்பதால் ரசிகரின் நினைவைவிட இதை நம்பலாம். ஆனால் இந்தத் தாளில் கிட்டாரின் மாடலைத் தேடாதீர்கள். "ஃபெண்டர் பேஸ்" என்று எழுதியிருந்தால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். ஃபெண்டர் ஒரு கிட்டார் கம்பெனியின் பெயர், ஆனால் அந்தக் காலத்தில் மின் பேஸ் எதுவானாலும் அதற்குப் பெயர் ஃபெண்டர் பேஸ்தான், நாம் எந்த எந்திரத்தில் நகலெடுத்தாலும் ஜெராக்ஸ் என்பது போல. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது, அவ்வளவுதான். எல்.பி. உறைகளின் பின்பக்கத்திலும் இதே பழக்கத்தைப் பார்க்கலாம்.

பெயரிலும் சிக்கல் வருவதுண்டு. "தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் வெறும் கிட்டாரோடு பதிவான அந்தப் பாட்டின் மேல், 1965 ஜூன் 15 அன்று தயாரிப்பாளர் டாம் வில்சன், பாடிய இருவருக்கும் சொல்லாமலே, மின் கிட்டார்களையும் பேஸையும் டிரம்ஸையும் ஏற்றினார். டிரம்ஸ் பாபி கிரெக், கிட்டார் அல் கொர்கோனியும் வின்னி பெல்லும். பேஸுக்கு மட்டும் சிலர் ஜோ மாக் என்கிறார்கள், சிலர் பாப் புஷ்னெல் என்கிறார்கள். ஆளே இரண்டுபட்டு நிற்கும் இடத்தில் கிட்டாரின் மாடலை அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. அதைவிட அந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது வேறு. முதலில் பதிவான கிட்டாரின் காலப்பிரமாணம் கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது, ஏனென்றால் அன்று அவர்கள் டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கவில்லை. பின்னால் வந்த பேஸும் டிரம்ஸும் அந்த அசைவைத் துரத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தத் துரத்தல் தெரியும்.

கருவி இதுதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அபூர்வமான ஆள் ஜோ ஆஸ்பர்ன். "கலிஃபோர்னியா டிரீமிங்" பாட்டின் பேஸ் அவர்தான். 1967-இல் வந்த "சான் ஃபிரான்சிஸ்கோ" பாட்டிலும் அவர்தான். பாடகர் ரிக்கி நெல்சன் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஃபெண்டர் நிறுவனமே அவருக்குத் தன் ஜாஸ் பேஸ் மாடலில் 1960-ஆம் ஆண்டுக் கிட்டார் ஒன்றைக் கொடுத்தது. பிறகு ஸ்டூடியோ வாழ்க்கை முழுக்க அதைத்தான் சுமந்தார். விரலுக்குப் பதில் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து வாசிப்பார். கம்பி லாபெல்லா நிறுவனத்தின் ஃப்ளாட்வவுண்ட், அதாவது பட்டை நாடா சுற்றிய கம்பி. அதை வருடக்கணக்கில் மாற்றவே மாட்டார் என்பது பேஸ் வாசிப்பவர்களிடையே பெரிய கதை. ஒரே ஆள், ஒரே கருவி, அவரே வெளிப்படையாகச் சொன்ன விவரம், அதற்குப் பொருந்தும் படங்கள் என நான்கும் சேரும்போதுதான் நான் "உறுதி" என்ற சொல்லைப் பயன்படுத்துவேன். இங்கிலாந்துப் பக்கம் ஜான் பால் ஜோன்ஸையும் இந்த வரிசையில் வைக்கலாம். லெட் செப்பலின் என்ற ராக் குழுவில் சேர்ந்து புகழ் பெறுவதற்கு முன்னால் ஸ்டூடியோ கலைஞராக இருந்த காலத்திலேயே அவரிடம் 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் இருந்தது.

படங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. படம் பொய் சொல்லாது, ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும். பீட்டில்ஸ் குழுவின் மெக்கார்ட்னி 1966-இல் கடைசி மேடைகள் வரை வயலின் உருவ ஹோஃப்னர் பேஸைத்தான் மாட்டிக்கொண்டு நின்றார். ஆனால் ஃபோக் சாயல் மிகுந்த அவர்களுடைய "ரப்பர் சோல்" தொகுப்பைப் பதிவு செய்த 1965 இறுதியிலேயே ஸ்டூடியோவில் ரிக்கன்பேக்கர் 4001 பேஸை எடுத்துவிட்டார். மேடைப் படத்தை வைத்து அந்தத் தொகுப்பை எடைபோட்டால் தப்பாகத்தான் முடியும். படம் எதற்குப் பயன்படும் என்றால், ஒன்றை விலக்குவதற்குப் பயன்படும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரசிஷன் பேஸ் 1951-இல் வந்தது, அதன் இரண்டு துண்டான பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி) 1957-இல். ஜாஸ் பேஸ் 1960-இல். ஜாஸ் பேஸின் கழுத்தில் புள்ளிகளுக்குப் பதில் சதுரக் கட்டங்கள் பதித்திருந்தால் அது 1966-க்கு முந்தையதாக இருக்க முடியாது. இப்படி ஒரு கிட்டாரின் வயதைக் கண்டுபிடித்துவிட்டால், "இந்தப் பாட்டில் இது இல்லை" என்று தைரியமாகச் சொல்லலாம். "இதுதான்" என்று சொல்ல அது போதாது.

சம்பந்தம் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க மனமில்லை. ஃபெண்டர் நிறுவனத்தை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். வாங்கியது 1965 ஜனவரி முதல் வாரத்தில். கொலம்பியா ரெக்கார்ட்ஸும் அன்று சி.பி.எஸ்.ஸுக்குச் சொந்தம். டாம்பரின் மேன் பதிவாகும்போது கூடமும் கிட்டார் கம்பெனியும் ஒரே முதலாளியிடம் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இதை வைத்து ஒரு சதிக் கதையே புனைந்த நண்பர் எனக்கு உண்டு. ஸ்டூடியோ கலைஞர்கள் தங்கள் சொந்தக் கிட்டாரைத்தான் தூக்கிக்கொண்டு கூடம் கூடமாக அலைந்தார்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறுவதில்லை.

இனி மூன்றாவது கேள்வி. உங்களைக் கவர்ந்த அந்த உருண்டை ஒலியை உண்டாக்குவதில் மாடலுக்குப் பங்கு உண்டு, ஆனால் மூன்றாவது நான்காவது பங்குதான். முதல் பங்கு கம்பிக்கு. இன்று கடையில் பேஸ் வாங்கினால் அதில் ரவுண்ட்வவுண்ட் கம்பி போட்டிருக்கும். உள்கம்பியின் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள், நகத்தால் கீறினால் கரகரவென்று கேட்கும், ஒலி பளீரென்று நீளும். 1960-களின் நடுப்பகுதி வரை வழக்கத்தில் இருந்தது ஃப்ளாட்வவுண்ட். பட்டையான நாடாவைச் சுற்றியது, விரல் வழுக்கும், பளபளப்பு இல்லாத ஒலி. இங்கிலாந்தில் தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு சேர்ந்து ரவுண்ட்வவுண்ட் கம்பியைச் செம்மைப்படுத்திய 1966 வாக்கில்தான் காற்று மாறத் தொடங்கியது.

இரண்டாவது பங்கு பஞ்சுக்கு. பலருக்கும் இது தெரியாது. அந்தக் கால ஃபெண்டர் பேஸ்களில், கம்பிகளை உடல் பக்கம் தாங்கி நிற்கும் பிரிட்ஜை மூடி ஒரு பளபளப்பான உலோக மூடி இருக்கும். அது அழகுக்கு மட்டும் அல்ல. அதன் உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுத் துண்டு கம்பிகளின் மேல் அழுந்தி, கார்வையைக் குறைக்கும். ஆரம்பகால ஜாஸ் பேஸில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ஃபெல்ட் அணைப்பான் வைத்திருந்தார்கள். ரிக்கன்பேக்கர் 4001-இல் திருகினால் ஏறி இறங்கும் அணைப்பானே உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் புகழ்பெற்ற பேஸ் கலைஞர் கேரல் கே, பிரசிஷன் பேஸில் பிரிட்ஜுக்கு அருகே கம்பியின் மேல் ஃபெல்ட் துண்டை வைத்து பிக்கால் வாசித்தவர். அணைத்த கம்பியில் விழும் சுரம் மிருதங்கத்தின் தொப்பியைப் போன்றது: வந்த இடம் தெரியும், நீண்டு வழியாது. பிறகு வந்தவர்கள் மூடியைக் கழற்றி எறிந்தார்கள், பஞ்சும் கூடவே போயிற்று. இன்று அதே மாடலை, அதே வருடத்ததை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி மூடி இல்லாமல் வாசித்துவிட்டு "அந்த ஒலி வரவில்லையே" என்று விழிக்கிறார்கள்.

மூன்றாவது, பிக். இதற்குக் காரணம் வானொலி. பேஸின் தடித்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அன்றைய கார் வானொலியின் சின்ன ஸ்பீக்கரால் அந்த அடி ஒலியைக் கொடுக்க முடியாது. இன்று உங்கள் கைபேசியாலும் முடியாது. நாம் கேட்பது அதன் மேல் சுரங்களை, அடி ஒலியை நம் மூளை ஊகித்துக்கொள்கிறது. விரலால் மீட்டினால் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போகும். பிக்கால் அடித்தால் "டக்" என்ற ஒரு முனை மேலே தெரியும், பேஸ் இருக்கிறது என்று காது பிடித்துக்கொள்ளும்.

இவற்றுக்குப் பிறகுதான் கருவியின் கட்டுமானம் வருகிறது. ஃபெண்டரில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம், ரிக்கன்பேக்கரில் 33.25, கிப்சன் இ.பி. வரிசையில் 30.5, ஹோஃப்னரில் ஏறத்தாழ 30. நீளம் குறையக் குறைய கம்பி தளர்ந்து, ஒலி கொழகொழப்பாகும். உள்ளே கூடான ஹோஃப்னருக்கும் கெட்டிக் கட்டையான ஃபெண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக வாசித்தால் யாரும் சொல்லிவிடலாம். டிரம்ஸும் 12 கம்பி கிட்டாரும் மூன்று குரல்களும் சேர்ந்து, ஒரு சில டிராக்குகளில் நெருக்கிக் கலந்த பிறகு சொல்ல முடியுமா?

நான் முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் என் பட்டறையில் மூன்று பேஸ்களை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினோம். ஒரு பிரசிஷன், ஒரு ஜாஸ், ஒரு குட்டைக் கழுத்து. மூன்றிலும் பழைய ஃப்ளாட்வவுண்ட், மூன்றிலும் பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு. ஒரே ஆள் பிக்கால் வாசித்தார், பின்னால் டிரம்ஸும் கிட்டாரும் ஓடின. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் நான்கு சரியாக வந்திருக்கும். அன்று எல்லோருக்கும் டீ என் செலவில். குட்டைக் கழுத்தை மட்டும் ஓரளவு பிடிக்க முடிந்தது, ஜாஸையும் பிரசிஷனையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி வாசித்தபோது பெரும்பாலும் சரியாகச் சொன்னேன். அதாவது, உங்களுக்குப் பிடித்த அந்த ஒலியே கருவிகளின் அடையாளத்தை மறைக்கும் ஒலி. ஒரே பட்டறை, ஒரே காது என்ற அளவில்தான் இந்தச் சோதனையை எடுத்துக்கொள்ள வேண்டும். என்னைவிடக் கூரான காது உள்ளவர்கள் இருப்பார்கள்.

காதால் உறுதியாகப் பிரிக்கக்கூடியது ஒன்று உண்டென்றால் அது டபுள் பேஸும் மின் பேஸும். இதற்கு நான் சொல்லித்தரும் பாடம் இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கின் முதல் இரண்டு தொகுப்புகள். இரண்டும் லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்தில், ஜோ பாய்ட் தயாரிப்பில், ஜான் வுட் ஒலிப்பதிவில் உருவானவை. 1969-இல் வந்த "ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்" தொகுப்பில் டேனி தாம்சன் டபுள் பேஸ். அடுத்த தொகுப்பான "பிரைட்டர் லேட்டர்"-இல் பெரும்பாலும் டேவ் பெக் மின் பேஸ். பாடகரும் கூடமும் பொறியாளரும் அதே. கேட்கும்போது சுரத்தின் முதல் நொடியை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததைக் கவனியுங்கள். டபுள் பேஸில் விரல் கம்பியை இழுத்து விடுவது கேட்கும், பிறகு சுரம் ஒரு கணம் தாமதித்துப் பூரித்து எழும். உள்ளே காற்று நிரம்பிய பெரிய பெட்டி விழித்துக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகிறது. சுரத்துக்குச் சுரம் போகும் வழியில் கமகம் போல ஒரு நெளிவும் இருக்கும், கழுத்தில் வீணையின் மெட்டு போன்ற ஃப்ரெட் இல்லை அல்லவா. தாம்சனுடைய டபுள் பேஸ் 1865-இல் பிரான்சில் காண்ட் பட்டறையில் செய்தது. அதற்கு விக்டோரியா என்று பெயர் வைத்திருந்தார்.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. தி பேண்ட் குழுவின் ரிக் டாங்கோ 1970 வாக்கில் ஃப்ரெட் இல்லாத ஆம்பெக் மின் பேஸுக்கு மாறினார். நெளிவை மட்டும் கேட்டு டபுள் பேஸ் என்று சொல்லிவிட்டால் ஏமாந்தீர்கள். சில பாட்டுகளில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. பாடகர் டோனவன் 1965 டிசம்பரில் பதிவு செய்த "சன்ஷைன் சூப்பர்மேன்" பாட்டில் ஸ்பைக் ஹீட்லி டபுள் பேஸ், ஜான் பால் ஜோன்ஸ் மின் பேஸ். அங்கே "பேஸ் எது" என்ற கேள்வியே ஒருமையில் நிற்காது.

நீங்கள் வாங்கப் போவதைப் பற்றி. உங்களிடம் ஏற்கெனவே ஒரு பேஸ் இருந்தால், எதுவானாலும் சரி, புதிது வாங்காதீர்கள். ஒரு செட் ஃப்ளாட்வவுண்ட் வாங்குங்கள். சாதாரணக் கம்பியைவிட விலை கூடுதல்தான், ஆனால் பல வருடம் உழைக்கும், பழசாகப் பழசாக நாதம் கூடும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் பச்சைச் சொரசொரப்புப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மெத்தென்ற பாகத்தை விரல் அகலத்துக்கு நறுக்கி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அதைத் தூக்கக் கூடாது. தூக்கினால் சுருதி ஏறிவிடும், நாதமும் செத்துவிடும். பஞ்சு வைத்த பிறகு நான்கு கம்பிகளையும் மறுபடி சுருதி பாருங்கள். டோன் திருகைப் பாதிக்குக் குறைத்து, கனமான பிக் ஒன்றை எடுத்து, டாம்பரின் மேன் தொடக்கத்தில் வரும் அந்த ஜாருவை வாசித்துப் பாருங்கள். நெக்டெலுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். கொஞ்சம் தடித்துக் கேட்டால் பஞ்சை ஒரு நூல் அளவு பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள்.